கயிற்றைக் கட்டிப்போடச் சொன்ன மகனுக்கு

ஏலே ராசா,

நீ நன்றாகத்தான் இருப்பாய். நன்றாக இல்லாதவன் ஒரே நாளில் இத்தனை வாட்ஸ்அப் அனுப்ப மாட்டான். அம்மா வீடியோ எங்கே, அம்மா ஒரு நிமிஷம் பேசினால் போதும், அம்மா பின்னால் கடல் தெரிகிற மாதிரி நில்லுங்கள், அம்மா ரிட்டயர்டு எலக்ட்ரானிக்ஸ் லெக்சரர் என்று மறக்காமல் சொல்லுங்கள். பெங்களூரில் யாரோ நாலு பேர் உன் அலாரம் பெட்டிக்குப் பணம் போடப்போகிறார்களாம், அவர்களுக்குக் காட்ட நான் நடிக்க வேண்டுமாம். பதிலுக்கு நான் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பாய். பெற்றவள் குரல் உனக்கு அணில் கத்துகிற மாதிரி கேட்கும். நான் விஷயத்துக்கு வருவதற்குள் 'சரிம்மா சரிம்மா' என்று பதில் வந்துவிடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். காகிதத்தை வேகமாக ஓட்ட முடியாது. எழுதி முடித்ததும் இதைப் படமெடுத்து நம் குடும்ப குரூப்பிலும் போடுவேன், கோபித்துக்கொள்ளாதே. உன் பெட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிற வள்ளக்காரர்களில் பாதிப்பேர் அந்த குரூப்பில்தான் இருக்கிறார்கள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் மச்சான் டெல்வின், அதாவது உன் தங்கை ஷைனியின் புருஷன், வருகிற திங்கட்கிழமை மறுபடியும் சங்கு குளிக்கப் போகிறான். போன சீசன் தொடக்கத்தில் அவன் சாகப் பார்த்தான். உனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று அவன்தான் எங்கள் எல்லோர் வாயையும் கட்டிவைத்திருந்தான். நானும் அவனுக்காகப் பேசாமல் இருந்தேன். ஆனால் நீ என்னையே கேமரா முன்னால் நிறுத்தி, இந்தப் பெட்டி அருமையாக வேலை செய்கிறது என்று சொல்லச் சொன்னாய் பார், அதோடு என் பொறுமை போய்விட்டது. இதைக் கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்காமல் அந்தப் பெட்டியை இன்னொரு வள்ளத்தில் மாட்டாதே.

உனக்கு முன்கோபம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். உன் சர்க்யூட்டை யாராவது குறை சொன்னால் வரும். நீ ஆறாவது படிக்கும்போது கிறிஸ்துமஸ் குடிலுக்கு நட்சத்திரம் செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு எல்இடியை எடுத்து, ஒன்பது வோல்ட் பேட்டரியில் நேராக வைத்தாய். பளிச்சென்று ஒரு மின்னல், அவ்வளவுதான், குழந்தை யேசுவுக்கு மேலே இருட்டு. இடையில் ஒரு ரெசிஸ்டர் போடுலே, எல்இடிக்கு எவ்வளவு கரண்டு வாங்கலாம் என்று தானாகத் தெரியாது, கிடைக்கிற எல்லாவற்றையும் இழுத்துக் குடித்து எரிந்துபோகும் என்று அடுப்படியிலிருந்தே கத்தினேன். நீ கேட்டாயா? கடைக்காரர் மட்டமான எல்இடி தந்துவிட்டார் என்று சாதித்தாய். உன் அப்பாவும் உன்னோடு சேர்ந்துகொண்டு, 'அந்த அண்ணாச்சி கடைச் சாமானே அப்படித்தான்' என்றார். இரண்டு பேருமாகப் போய் இன்னும் ஒரு பாக்கெட் வாங்கி வந்து, அதையும் எரித்தீர்கள். மூன்றாவது நட்சத்திரம் எரிந்தது, ஏனென்றால் நீங்கள் இரண்டு பேரும் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் நான் ரெசிஸ்டரைப் பற்றவைத்துவிட்டேன். 'பாத்தியாம்மா, நல்ல எல்இடின்னா எரியும்' என்று திரும்பி வந்து என்னிடமே சொன்னாய். அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

முப்பது வருஷம் தினமும் பஸ் ஏறி நாசரேத் பக்கம் போய்ப் பாடம் எடுத்தவள் நான். ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் ஒரு பையன் ரெசிஸ்டரைத் தூக்கிக் காட்டி, 'மிஸ், இது என்ன செய்யும்?' என்று கேட்பான். பல்பு எரியும், மோட்டார் சுற்றும், ஸ்பீக்கர் பாடும். இது என்ன செய்யும்? பார்வைக்கு ஒன்றும் செய்யாது, கொஞ்சம் சூடாகும். அதனால்தான் எல்லோருக்கும் அதை விட்டுவிடத் தோன்றுகிறது. உடம்பில் வர்ணக்கோடு போட்ட சின்ன கார்பன் ரெசிஸ்டர், அதையே இன்னும் கணக்காகச் செய்த மெட்டல் ஃபிலிம், பழைய டிவிக்குள் வெள்ளைக் கட்டியாக உட்கார்ந்து கொதிக்கும் கம்பி சுற்றிய ரெசிஸ்டர், வெளிச்சம் பட்டால் இளகுவது, சூடு பட்டால் இளகுவது, குமிழைத் திருகினால் கூடிக் குறைவது என்று அதில் எத்தனையோ வகை. கோயில் தெருவில் மேகம் போட்டாலே தெருவிளக்கு எரிகிறதே, அது வெளிச்சம் பார்க்கிற ரெசிஸ்டர் செய்கிற கூத்து. திருகுகிற வகையை நம் வீட்டில் நீ நன்றாகவே அறிவாய். சங்கு குளித்துக் குளித்து உன் அப்பாவுக்கு ஒரு காது போனபிறகு, அவர் டிவியின் வால்யூம் குமிழைத் திருகித் திருகியே தேய்த்துவிட்டார். நானும் மாற்றி மாற்றிப் போட்டு அலுத்தேன். செய்தி வாசிப்பவர் நம் வீட்டில் வாசித்தால் திரேஸ்புரம் முழுக்கக் கேட்கும். அந்தக் குமிழை மறந்துவிடாதே, அதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

இப்போது உன் பெட்டி. குரூப்பில் இருக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். குளிக்கிறவன் கடலுக்கு அடியில் மூச்சு விடுவது வள்ளத்தில் ஓடுகிற கம்ப்ரஸர் அனுப்பும் காற்றில். அதன் டாங்கில் காற்று குறைந்தால் மேலே இருக்கிறவர்களுக்கு மணி அடிக்க வேண்டும். டாங்கில் ஒரு பிரஷர் சுவிட்ச், அதிலிருந்து ஒரு வயர், வயரின் முனையில் உன் பெட்டி. நல்ல யோசனை. நான் அதைக் குறை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். கிறிஸ்துமஸ் லீவில் நீ வந்து சாப்பாட்டு மேஜையை மூன்று நாள் பிடித்துக்கொண்டு, எங்களைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட வைத்ததைக்கூட மன்னித்துவிட்டேன். வயரில் வோல்டேஜ் நின்றால் காற்று இருக்கிறது என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். காற்று குறைந்தால் சுவிட்ச் மூடி வயரை எர்த்தோடு சேர்க்கும், வோல்டேஜ் இறங்கும், மணி அடிக்கும். அப்படியானால் மற்ற நேரம் முழுக்க அந்த வோல்டேஜை யாராவது தாங்கிப் பிடித்திருக்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான் ஒரு ரெசிஸ்டர். எங்கே என்று கேட்டேன். 'சிப்புக்குள்ளயே இருக்கும்மா' என்றாய். உள்ளே இருப்பது சும்மா பேருக்கு இருக்கிறதுடா, உப்புக்காற்றில் வயர் மூட்டு ஈரமானால் அந்த ஈரமே கரண்டைக் கசியவிடும், அதை எதிர்த்து நிற்க இதற்குத் தெம்பு போதாது, வெளியே நல்லதாக ஒன்று போடு என்றேன். போர்டு பார்க்க அழகாக இருக்காது என்றாய். அழகாம்! கடலுக்குப் போகிற பெட்டிக்கு அழகு எதற்கு, அதற்கு என்ன கல்யாணமா? மேஜைமேல் வைத்து நீ பத்துத் தரம் ஓட்டிக் காட்டினாய், பத்துத் தரமும் ஒழுங்காகத்தான் அடித்தது. மேஜைமேல் உப்புக்காற்று இல்லையே. நானும் அதற்குமேல் மல்லுக்கட்டவில்லை.

ஆனால் எனக்குக் கோபம் ரெசிஸ்டருக்காக இல்லை. ரெசிஸ்டரை யாரும் விட்டுவிடுவார்கள். கப்பலுக்கு வயரிங் செய்கிறவர்களும் விடுவார்கள், நானும் விட்டிருப்பேன். என் கோபம் நீ புறப்படும் அன்று வள்ளத்தில் நின்று சொன்ன வார்த்தைக்கு. நம் ஆட்களிடையே குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றை வள்ளத்திலிருந்து பிடிப்பவன் மச்சான், பெண்டாட்டியோடு பிறந்தவன். உன் அப்பாவுக்கு உன் மாமா பிடித்தான். ஏன் மாமா, வேறு ஆள் பிடித்தால் என்ன என்று சின்ன வயதில் நீயே அவனிடம் கேட்டிருக்கிறாய். 'வேற எவன்னாலும் அசந்துருவாம்லே. எங்க அக்கா தாலி அறுக்கப்பிடாதுன்னு எனக்குத்தான இருக்கும்' என்றான். நியாயமாகப் பார்த்தால் டெல்வினுக்குப் பிடிக்க வேண்டியவன் நீ. நீ என்ஜினியர், பெங்களூரில் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறாய், சரி. உனக்குப் பதிலாக இந்த வயதிலும் உன் மாமாதான் போய்க்கொண்டிருந்தான். முட்டி வலியோடு வள்ளத்து விளிம்பில் அவன் குந்தியிருப்பதைப் பார்த்து உனக்கு மனசு கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் பெட்டியே செய்தாய். ஆனால் என்ன சொன்னாய்? 'மாமா இனி வீட்ல இருக்கட்டும். கயித்தச் சும்மா வள்ளத்துல கட்டிப் போட்ருங்க, பெட்டி பாத்துக்கிடும்.'

உன் மாமா அதை மறுக்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். சந்தையில் நின்று, 'எம் மருமவன் எனக்கு ரிட்டயர்மெண்டு குடுத்துட்டாம்லா' என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தான். வகுப்பில் நான் இந்த ரெசிஸ்டர் பாடத்தை எடுத்ததே அவன் கையை வைத்துத்தான். கயிற்றைத் தொய்ய விட்டால் நீரோட்டம் இழுப்பதும் மனுஷன் இழுப்பதும் ஒன்றுபோலத் தெரியும். கட்டிப்போட்டாலோ மனுஷன் இழுப்பதே தெரியாது. லேசாக, விடாமல் பிடித்திருக்க வேண்டும், கீழே இருப்பவன் ஒரு சுண்டு சுண்டினால் கைக்குத் தெரிகிற அளவுக்கு. நீ உன் பெட்டியில் வயரைத் தொய்யவிட்டாய், வள்ளத்தில் கயிற்றைக் கட்டிப்போட்டாய். ஒரே லீவில் இரண்டு தப்பையும் செய்துவிட்டு, மக்ரூன் பாக்கெட்டோடு பஸ் ஏறிவிட்டாய்.

நீ போன பிறகு நடந்தது இதுதான். முதல் சில நாள் பெட்டி சமர்த்தாக இருந்தது. அப்புறம் வாடைக்காற்று பிடித்து, வயர் மூட்டு உப்பில் ஊறியதும், காற்று நிறைய இருக்கும்போதே அடிக்க ஆரம்பித்தது. அடித்த போதெல்லாம் வள்ளத்து டிரைவர் பதறிப்போய் டெல்வினை அவசர அவசரமாக மேலே இழுத்தார். ஆழத்திலிருந்து அப்படி இழுத்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்று உன் அப்பாவைக் கேள். மேலே வந்து பார்த்தால் ஒன்றும் இல்லை, டாங்க் நிறையக் காற்று. இப்படியே நாள் முழுக்க. கடைசியில் டிரைவர், 'இந்தச் சனியன் நம்மள வேல செய்ய விடாது' என்று சுவிட்ச் வயரைப் பிடுங்கிவிட்டார். பிடுங்கினால் உன் பெட்டி என்ன செய்தது தெரியுமா? பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு சிரித்தது. வயரே இல்லாவிட்டால் வோல்டேஜை இறக்க யாரும் இல்லையே, காற்று நன்றாக இருக்கிறது என்று அது பாட்டுக்கு நினைத்துக்கொண்டது. அதைப் பார்த்து அவர்களுக்கும் நிம்மதி. அன்றைக்குத்தான் கம்ப்ரஸர் பெல்ட் நழுவியது. என்ஜின் சத்தம் மாறவில்லை, டிரைவர் முன்பக்கம் சங்கு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார், பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீழே டெல்வினுக்குக் காற்று நின்றது. கயிற்றைச் சுண்டினான். சுண்டிக்கொண்டே இருந்தான். மேலே கயிற்றின் முனையை ஒரு ஆணிதான் பிடித்திருந்தது.

அவன் இடுப்புப் பாரத்தைக் கழற்றிவிட்டுத் தானாக மேலே வந்தான். மூக்கில் ரத்தம். வீட்டில் சளி என்று சொல்லிப் படுத்துவிட்டான். ஷைனியும் நம்பினாள், நானும் நம்பினேன். அந்தச் சமயத்தில்தான் நீ வீடியோ கேட்டாய். உனக்கு வந்ததே ஒரு வீடியோ, டெல்வின் சிரித்துக்கொண்டே 'எங்க மச்சான் செஞ்சது, சூப்பரா வேல செய்யுது' என்று சொல்கிறானே, பெங்களூர்க்காரர்களுக்கு நீ போட்டுக் காட்டுகிறாயே, அது கரையில் எடுத்தது. காய்ந்த வெயில் நேரம் பார்த்து, பிடுங்கிய வயரை மாட்டி, டாங்க் காற்றைத் திறந்துவிட்டு அடிக்கவைத்து எடுத்தான். நீ யார் முன்னால் தலைகுனிய வேண்டுமோ, அவன் உனக்காகப் பொய் சொன்னான். அந்த வீடியோவை இன்னொரு தரம் பார். படம் எடுக்கிறவன் கேட்கிற கேள்வியையெல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்கிறான். நீ கவனித்திருக்க மாட்டாய், உனக்குப் பெட்டிதான் கண்ணில் பட்டிருக்கும்.

எனக்கு எப்படித் தெரியவந்தது என்றால், ஒரு நாள் ஷைனி வீட்டுக்கு மீன் குழம்பு கொண்டுபோனேன். தெருமுனை திரும்பும்போதே அவர்கள் வீட்டு டிவி கேட்டது. உள்ளே போனால் டெல்வின் ரிமோட்டை வைத்துக்கொண்டு இன்னும் கூட்டுகிறான். எனக்குக் கையில் இருந்த பாத்திரம் கனத்துவிட்டது. உன் அப்பாவோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியாதா? ஷைனியை உள்ளே அனுப்பிவிட்டு, டிவியை நிறுத்திவிட்டு, அவன் இடது பக்கம் நின்று மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் திரும்பவே இல்லை. முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கினேன். காது டாக்டரிடம் காட்டினோம். பாதிதான் திரும்பி வரும் என்றார். இத்தனை நாள் ரெஸ்டில் இருந்தான், இப்போது அவர் அரைமனதாகத் தலையாட்டியிருக்கிறார். கடலை விட்டுவிடு, உப்பளத்தில் ஏதாவது வேலை பார்க்கலாம் என்று ஷைனி அழுது பார்த்தாள். அவன் கேட்கிற ஆளா?

அன்றைக்கு அவனிடம் கோபத்தில் கத்தினேன். இவ்வளவு நடந்திருக்கிறது, உன் மச்சானிடம் ஒரு போன் போட்டுச் சொன்னால் என்ன என்றேன். 'ஆசையா செஞ்சான் மாமி. தப்புன்னு சொன்னா மொகம் வாடிரும்லா' என்றான். சரி, அதையாவது விடு, கயிற்றை ஆள் பிடிக்காமல் ஆணியில் கட்டியிருப்பதைக் கண்ணால் பார்த்தும் எப்படியடா இறங்கினாய் என்று கேட்டேன்.

'எனக்கு அது கட்டிக்கிடந்த மாதிரியே தெரியல மாமி. பெட்டி இருந்துச்சில்லா, மச்சானே பிடிச்சிருக்கான்னு நெனச்சித்தான் எறங்குனேன்.'

எனக்கு உன்மேல் வந்த கோபம் அப்படியே அழுகையாகிவிட்டது. வீட்டுக்கு வந்து உன் அப்பாவோடு காரணமில்லாமல் சண்டை போட்டேன். அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும், அதுவும் ஒரு வசதி.

பெட்டியை நான் கழற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துச் சரிசெய்துவிட்டேன். வெளியே ஒரு ரெசிஸ்டர், சிவப்பு சிவப்பு சிவப்பு, இரண்டாயிரத்து இருநூறு ஓம். உப்பு ஈரத்துக்கு அசையாது. சுவிட்சையும் தலைகீழாக மாற்றிப்போட்டேன், இனி காற்று குறைந்தாலும் அடிக்கும், வயர் அறுந்தாலும் அடிக்கும், டிரைவர் கோபத்தில் பிடுங்கினாலும் அடிக்கும். வயர் மூட்டுகளையெல்லாம் பூசி அடைத்துவிட்டேன். உப்புத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்துப் பார்த்தேன், தப்பாக ஒரு தரம்கூட அடிக்கவில்லை, அடிக்க வேண்டியபோது ஒரு தரம்கூடத் தவறவும் இல்லை. உன் போர்டு இப்போது அசிங்கமாக இருக்கிறது. பெங்களூர்க்காரர்கள் கேட்டால், தூத்துக்குடியில் அப்படித்தான் செய்வோம் என்று சொல். நல்ல பெட்டிதான்லே. நீ செய்ததில் உருப்படியானது இதுதான், நான் வேண்டுமென்றே சொல்லாமல் இருந்தேன்.

ஆனால் பெட்டி இருந்தாலும் கயிற்றில் கை வேண்டும். உன் மாமா நடந்ததைக் கேட்டதும் அழுதுவிட்டு, நானே திங்கட்கிழமை போகிறேன் என்று சட்டையை மாட்டினான். அவன் கை நடுங்குகிறது ராசா, காபி டம்ளரே சரியாகப் பிடிக்க வரவில்லை. அவனை உட்காரவைத்துவிட்டேன். டெல்வினிடம் யாரைக் கூப்பிடட்டும் என்று கேட்டதற்கு, யாரும் வேண்டாம், கட்டியே போட்டுக்கொள்கிறேன் என்கிறான், வாய்க்கொழுப்பு. அவன் யாருக்காகக் காத்திருக்கிறான் என்பது எனக்கும் தெரியும், ஷைனிக்கும் தெரியும்.

அதனால் மீட்டிங் அது இது என்று சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கு. டிக்கெட் எடுத்துவிட்டேன், மேல் பெர்த்துதான் கிடைத்தது, முனகாதே. திங்கட்கிழமை விடியற்காலையில் நீயும் வள்ளத்தில் போகிறாய், நானும் வருகிறேன். உனக்கு வேண்டிய வீடியோ கடல் தெரிகிற மாதிரி கிடைக்கும், என் உத்தியோகத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். போனை நான் பிடித்துக்கொள்கிறேன். நீ கயிற்றைப் பிடி.

அம்மா